கொள்ளைநோய்க் காலத்தில் வேன் வண்டியில் ஸ்பெயின் கிராமங்கள்: ஓய்வுபெற்ற இருவருக்கான முழு வழிகாட்டி

2020 பிப்ரவரி கடைசியில் பாரிஸ் பக்கத்திலிருந்து கிளம்பினோம், நானும் என் வீட்டுக்காரரும். இருவரும் வேலையிலிருந்து ஓய்வுபெற்று வருடம் ஒன்று ஆகியிருந்தது. ஆறு மீட்டர் நீளத்தில் ஒரு பழைய ஃபியட் துகாத்தோ வேன், ஐந்து வாரத் திட்டம். ஸ்பெயினின் மேற்கில் இருக்கும் எஸ்திரெமதூராவுக்குப் போக வேண்டும், ஹெர்த்தே பள்ளத்தாக்கில் செர்ரி மரங்கள் பூக்கும்போது அங்கே இருக்க வேண்டும், அவ்வளவுதான். மார்ச் 14 அன்று ஸ்பெயின் அரசு கொரோனாவுக்காக நாடு முழுக்க ஊரடங்கு போட்டபோது பக்கத்து லா வேரா பகுதியில் ஒரு சின்ன ஊரின் வெளியே முகாம் திடலில் நின்று ரசம் வைத்துக்கொண்டிருந்தோம். மலைக்கு அந்தப் பக்கம் செர்ரி பூத்துக் கொட்டியதை நாங்கள் பார்க்கவே இல்லை. ஐந்து வாரம் நான்கு மாதமானது.

அதே வருடம் செப்டம்பரில் மறுபடி போனோம், டிசம்பர் நடுவரை இருந்தோம். பைத்தியமா என்று பிள்ளைகள் கேட்டார்கள். இந்த இரண்டு பயணத்தில் கற்றதைத்தான் இங்கே எழுதுகிறேன். இனி இப்படி ஒரு காலம் வரக்கூடாது, வந்தால் உதவும். வராவிட்டாலும், ஸ்பெயின் கிராமப்புறத்தில் வேனில் நீண்ட நாள் தங்க நினைக்கும் வயதானவர்களுக்கு இதில் முக்கால்வாசி பொருந்தும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வேனில் போகிறவர்களின் நாள்காட்டி டாய்லெட் கேசட்தான், அதாவது கழிப்பறைக் கழிவு சேரும், கழற்றி எடுத்துக் கொட்ட வேண்டிய பெட்டி. டீசல் ஒரு வாரம் இருக்கும், அரிசி ஒரு மாதம் இருக்கும். இருவர் பயன்படுத்தும் 18 லிட்டர் கேசட் மூன்றாம் நாள் நிரம்பிவிடும். ஊரே மூடிக்கிடக்கும்போது அதை எங்கே கொட்டுவது என்ற கேள்விதான் உங்கள் பயணத்தை நடத்தும். கீழே சொல்லும் எல்லாமே அதைச் சுற்றித்தான் வரும்.

கிளம்பும் முன்: காகிதமும் மருந்தும்

ஐந்து வாரத்துக்குப் போனாலும் எட்டு மாதத்துக்குள் காலாவதியாகும் காகிதம் எது என்று பாருங்கள். ஐரோப்பிய மருத்துவ அட்டை, வண்டியின் தகுதிச் சோதனை, காப்பீட்டுச் சான்று, ஓட்டுநர் உரிமம், எல்லாம். எங்கள் வண்டிச் சோதனை ஏப்ரலில் முடிவதாக இருந்தது. ஐந்து வாரத்தில் திரும்பிவிடுவோமே என்று அலட்சியமாக விட்டேன், அந்த வசந்த காலம் முழுக்க அதை நினைத்து இரவில் விழித்துக் கிடந்தேன்.

மருந்தை இரண்டு மடங்கு எடுத்துப்போங்கள். அதைவிட முக்கியம், மருத்துவரிடம் மருந்துச்சீட்டில் நிறுவனப் பெயரை எழுதாமல் மருந்தின் பொதுப்பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் ஒரு நாட்டின் சீட்டு இன்னொரு நாட்டிலும் செல்லும், ஆனால் பிரான்சில் விற்கும் பெயர் ஸ்பெயின் மருந்துக்கடையில் யாருக்கும் தெரியாது. என் வீட்டுக்காரரின் ரத்த அழுத்த மாத்திரைக்கு அந்த ஊர் மருந்துக்கடைக்காரம்மா சீட்டில் இருந்த பொதுப்பெயரைப் பார்த்து இரண்டு நிமிடத்தில் எடுத்துக்கொடுத்தார். பச்சைச் சிலுவை விளக்கு எரிந்தால் கடை திறந்திருக்கிறது என்று அர்த்தம். ஊரடங்கிலும் மருந்துக்கடைகள் மூடவில்லை. சின்ன ஊர்களில் கொன்சுல்தோரியோ என்று ஒரு அறை இருக்கும், மருத்துவர் வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில்தான் வருவார். எந்த நாள் என்பதை உடம்பு நன்றாக இருக்கும்போதே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவசரத்துக்கு 112.

எடையைப் பற்றியும் ஒரு வார்த்தை. சாதாரண கார் உரிமத்தில் 3,500 கிலோ வரைதான் ஓட்டலாம். நூறு லிட்டர் தண்ணீர் என்றால் நூறு கிலோ, இருவர், இரண்டு சைக்கிள், பிரஷர் குக்கர், பத்து கிலோ பொன்னி அரிசி. கூட்டிப் பாருங்கள். ஸ்பெயின் ஊர்களில் விவசாயக் கூட்டுறவுச் சங்கங்களின் வாசலில் எடைமேடை இருக்கும், பாஸ்குலா என்று கேட்டால் காட்டுவார்கள். நாங்கள் ஏறிப் பார்த்தபோது எல்லையிலிருந்து 40 கிலோதான் மிச்சம். சைக்கிளைப் பின்னால் மாட்டுகிறவர்கள் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சதுரப் பலகையையும் அதன்மேல் மாட்ட வேண்டும். பிரான்சில் யாரும் கேட்கமாட்டார்கள், ஸ்பெயினில் கேட்பார்கள்.

வேனைத் தன்னிறைவாக்குவது

முகாம் திடலின் குளியலறை இருக்கிறதே என்று நம்பாதீர்கள். மார்ச் 19 அன்று வந்த ஆணையில் ஓட்டல், முகாம் திடல் எல்லாவற்றையும் ஏழு நாளுக்குள் மூடச் சொன்னார்கள். அதில் ஒரு விலக்கு இருந்தது, அதுதான் எங்களைக் காப்பாற்றியது: ஏற்கெனவே நிலையாக, பருவகாலத்துக்குத் தங்கியிருப்பவர்கள், தங்கள் இருப்பிடத்துக்குள்ளேயே சமைத்து, கழுவி, அன்றாடத் தேவைகளைப் பார்த்துக்கொள்ள முடிந்தால், தொடர்ந்து இருக்கலாம். நாங்கள் ஒரு மாதத்துக்கு முன்பணம் கட்டியிருந்தோம், வேனில் எல்லாம் இருந்தது. பக்கத்தில் கூடாரம் போட்டிருந்த இளம் ஜோடிக்கு எதுவும் இல்லை, அவர்கள் போக வேண்டியதாயிற்று. பொதுக் குளியலறையைப் பூட்டிவிட்டார்கள். கேசட் கொட்டும் தொட்டியை மட்டும் காலை 9 முதல் 10 வரை திறப்பார்கள், ஒருவர் போய் வந்த பிறகு அடுத்தவர்.

ஆகவே இரண்டாம் பயணத்துக்கு முன் நாங்கள் செய்தது இது. இன்னொரு கேசட் வாங்கினோம். விலை அதிகம்தான், ஆனால் மூன்று நாள் ஆறு நாளாகிறது, அந்த நிம்மதிக்கு ஈடு இல்லை. சூரியத் தகடு ஒன்று இருந்ததை இரண்டாக்கினோம். ஸ்பெயினில் வெயிலுக்குப் பஞ்சமில்லை, நவம்பரில்கூட விளக்கு, தண்ணீர் பம்பு, போன் எல்லாம் அதிலேயே ஓடின. பாத்திரம் கழுவிய தண்ணீருக்கு மடக்கு வாளி ஒன்று. தண்ணீர் பிடிக்க 10 லிட்டர் கேன் இரண்டு, ஏனென்றால் கிராமத்துக் குழாயடிக்கு வேன் போகாது, கால்தான் போகும்.

காஸ் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், நிறைய பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பிரெஞ்சு சிலிண்டரை ஸ்பெயினில் மாற்றித் தரமாட்டார்கள். ஸ்பெயினின் ஆரஞ்சு நிற 12.5 கிலோ பொம்போனா சிலிண்டருக்கு அங்கே ஒப்பந்தம் போட வேண்டும், அதன் ரெகுலேட்டரும் வேறு. கேம்பிங்காஸ் நீலச் சிலிண்டர் இரண்டு நாட்டிலும் கிடைக்கும், ஆனால் 2.75 கிலோதான், குளிர்காலத்தில் ஹீட்டர் போட்டால் நாலு நாளில் தீர்ந்துவிடும். நாங்கள் கடைசியில் பெட்ரோல் பங்கிலேயே நிரப்பக்கூடிய சிலிண்டர் பொருத்திக்கொண்டோம். அதில் நிரப்பும் எல்.பி.ஜி. காஸை ஸ்பெயினில் ஹே-எலே-பே என்று கேட்க வேண்டும். எல்லாப் பங்கிலும் இருக்காது, கிராமப்புறத்தில் 60, 70 கிலோமீட்டர் தள்ளித்தான் கிடைக்கும், ஆகவே பாதி தீர்ந்ததுமே நிரப்பிவிடுங்கள். மாட்டும் வாய் நாட்டுக்கு நாடு வேறு, அடாப்டரை ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.

சமையலுக்கு என்ன செய்வது என்று கேட்பவர்களுக்கு: கவலையே வேண்டாம். ஸ்பானியர்கள் பருப்பு தின்னும் மக்கள். கொண்டைக்கடலை, விதவிதமான மைசூர்ப் பருப்பு வகைகள், அரிசி, பூண்டு, எல்லாம் சின்னக் கடையிலும் இருக்கும். கறிவேப்பிலை, புளி, பெருங்காயம் மட்டும் எடுத்துப்போனால் போதும். கொத்தமல்லி கேட்டால் பெரும்பாலும் பார்ஸ்லியைக் கொடுப்பார்கள், முகர்ந்து பார்த்து வாங்குங்கள்.

எந்த விதி எங்கே செல்லும் என்று கண்டுபிடிப்பது

இதுதான் எங்களுக்கு அதிகம் தலைவலி கொடுத்தது. ஸ்பெயினில் 17 தன்னாட்சி மாநிலங்கள். முதல் ஊரடங்கில், அதாவது 2020 மார்ச் 14 முதல் ஜூன் 21 வரை, நாடு முழுக்க ஒரே சட்டம்: உணவு, மருந்து, வேலை தவிர வெளியே வரக்கூடாது, கடைக்கு ஒருவர்தான் போகலாம். மீறினால் அபராதம் 601 யூரோவில் தொடங்கும். மே 2 முதல் நடக்க அனுமதித்தார்கள், அதிலும் வயது வாரியாக நேரம் பிரித்தார்கள், 70 வயதைத் தாண்டியவர்களுக்குக் காலை 10 முதல் 12 வரையும் மாலை 7 முதல் 8 வரையும். ஆனால் 5,000 பேருக்குக் குறைவான ஊர்களில் இந்த நேரப் பிரிவு கிடையாது! பெரிய நகரத்தின் ஓரத்தில் மாட்டியிருந்தால் என்ன பாடுபட்டிருப்போம் என்று நினைத்துப் பார்க்கிறேன். சின்ன ஊரைத் தேர்ந்தெடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

இரண்டாம் சுற்று வேறு மாதிரி. 2020 அக்டோபர் 25 அன்று மறுபடி எச்சரிக்கை நிலை, அதாவது ஊரடங்குக்கான அவசர அறிவிப்பு, வந்தது, 2021 மே 9 வரை நீடித்தது. இரவு 11 முதல் காலை 6 வரை வெளியே வரத் தடை, தொடங்கும் நேரத்தை ஒரு மணி முன்னும் பின்னும் நகர்த்த மாநிலங்களுக்கு உரிமை உண்டு. எஸ்திரெமதூராவுக்கு வடக்கே இருக்கும் காஸ்தில்யா இ லெயோன் மாநிலத்தில் இரவு 10 மணிக்கே கதவடைப்பு. அதோடு ஒவ்வொரு மாநிலமும் தன் எல்லையை மூடலாம், திறக்கலாம். சில சமயம் ஒரு மாவட்டம், சில சமயம் ஒரே ஒரு ஊர். காலையில் காபி குடித்துவிட்டுப் பக்கத்து ஊருக்குக் கிளம்பினால் அந்த ஊருக்குள் நுழையலாமா என்பது அன்றைக்கு வெளியான அரசிதழைப் பொறுத்தது.

செய்ய வேண்டியது என்னவென்றால், சமூக வலைத்தளத்தில் யாரோ சொன்னதை நம்பாமல் மூலத்துக்கே போங்கள். நாடு முழுக்கச் செல்லும் ஆணைகள் பி.ஓ.ஈ. என்ற அரசிதழில் வரும். எஸ்திரெமதூராவுக்கு டி.ஓ.ஈ. என்று தனி அரசிதழ். போனில் மொழிபெயர்ப்பு போட்டுப் படித்தால் போதும், வழவழ என்று நீளமாக இருக்கும், நமக்கு வேண்டியது இரண்டு வரிதான்: நுழைவுக்கு விலக்கு யாருக்கு, எத்தனை மணியிலிருந்து. வழக்கமான வீட்டுக்குத் திரும்புவது என்ற காரணம் நாங்கள் பார்த்த எல்லா ஆணையிலும் விலக்காக இருந்தது. அந்தப் பத்தியை அச்செடுத்து, வீட்டு மின்சார ரசீதோடு சேர்த்து வண்டியின் முன்கண்ணாடிக்குக் கீழே வைத்திருந்தோம்.

கிராமத்தில் இன்னொரு வழி உண்டு. ஊர் மன்றத்தின் அறிவிப்பைப் பாந்தோ என்பார்கள். கம்பத்தில் கட்டிய ஒலிபெருக்கியில் முதலில் ஒரு பாட்டு, அப்புறம் அறிவிப்பு. நம் ஊர்த் தண்டோராதான், மின்சாரம் போட்டது. முதல் தடவை ஒன்றும் புரியவில்லை. மூன்றாம் வாரத்தில் "மீன் வண்டி வந்திருக்கிறது" என்பது மட்டும் தெளிவாகப் புரிந்தது.

போகும் வழி

பிரான்சிலிருந்து வருகிறவர்களுக்கு: எல்லை ஊரான இருன் வழியாக நுழைந்து வித்தோரியா, புர்கோஸ், வல்லாதோலித், சலமான்கா, அங்கிருந்து ஏ-66 சாலையில் தெற்கே எஸ்திரெமதூராவின் பிளசென்சியா. சுமார் 600 கிலோமீட்டர். புர்கோஸுக்கு முன்னால் இருந்த சுங்கக் கட்டணம் 2018 டிசம்பரிலேயே எடுக்கப்பட்டுவிட்டது, ஆகவே பெரும்பகுதி இலவசச் சாலை. இதை இரண்டு நாளாகப் பிரித்து ஓட்டுங்கள், வயதான கண்ணுக்கு இரவு வேண்டாம்.

2020 செப்டம்பரில் தரைவழியாக நுழைய எந்தச் சோதனையும் கேட்கவில்லை. 2021 மார்ச் 30 முதல் பிரான்சிலிருந்து சாலையில் வருபவர்களும் 72 மணி நேரத்துக்குள் எடுத்த பி.சி.ஆர். முடிவு காட்ட வேண்டும் என்றார்கள். விதி மாறும், ஆகவே எல்லைக்கு 100 கிலோமீட்டர் முன்னால் ஒரு இரவு நின்று, காலையில் செய்தி பார்த்துவிட்டுத் தாண்டுங்கள்.

எங்கே நிற்பது, எப்படி நிற்பது

ஸ்பெயினில் நிறுத்துவது வேறு, முகாமிடுவது வேறு. எங்கள் காலத்தில் இதற்கு ஆதாரம் போக்குவரத்துத் துறை 2008 ஜனவரியில் வெளியிட்ட அறிவுறுத்தல். வண்டி சட்டப்படி நிறுத்தப்பட்டிருந்தால் உள்ளே தூங்குகிறீர்களா, சமைக்கிறீர்களா என்பது போக்குவரத்துப் போலீஸின் கவலை இல்லை. ஆனால் சக்கரம் தவிர வேறெதுவும் தரையைத் தொடக்கூடாது, பந்தல் விரிக்கக்கூடாது, நாற்காலி போடக்கூடாது, ஒரு சொட்டுக் கழிவுநீர் வெளியே போகக்கூடாது. நாற்காலியை எடுத்து வெளியே வைத்த நொடியில் நீங்கள் முகாமிட்டவர் ஆகிவிடுவீர்கள், அதற்கு மாநிலச் சட்டமும் ஊர்மன்ற விதியும் வரும், அபராதமும் வரும். சாய்வான தரையில் சக்கரத்துக்கு அடியில் ஆப்பு வைப்பதற்கே சில இடங்களில் முகம் சுளிப்பார்கள். ஆகவே சமதரையாகத் தேடுங்கள்.

கடற்கரை வேண்டாம். கடலோரச் சட்டம் கடுமையானது, குளிர்காலத்தில் வட ஐரோப்பாவின் வேன் எல்லாம் அங்கேதான் இருக்கும், நோய்க்காலத்தில் அந்தக் கூட்டத்தில் என்ன வேலை? உள்நாட்டுக்கு வாருங்கள். தேசியப் பூங்காவுக்குள்ளும் இரவு நிற்க முடியாது. மொன்ஃப்ராகுவே 2007 முதல் தேசியப் பூங்கா, அங்கே பகலில் போய்ப் பாறையைச் சுற்றும் கழுகுகளைப் பார்த்துவிட்டு மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். சால்தோ தெல் ஹிதானோ என்ற இடத்தில் சாலையோரமே நின்று பார்க்கலாம், ஏற வேண்டியதில்லை, முழங்கால் வலிக்காரர்களுக்கு அது பெரிய விஷயம்.

இரவுக்கு ஊர்மன்றங்கள் நடத்தும் வேன் நிறுத்தங்கள் உண்டு, பல ஊர்களில் இலவசம்: குடிநீர்க் குழாய், கழிவுநீர் ஊற்றும் சல்லடை, கேசட் தொட்டி. காசரெஸ் நகரில் பழைய கோட்டை ஊருக்கு நடந்துபோகும் தூரத்திலேயே ஒன்று இருக்கிறது. பார்க்ஃபோர்நைட் செயலியில் தேடலாம், ஆனால் நோய்க்காலத்தில் செயலியில் இருக்கும் பாதி இடங்கள் சங்கிலி போட்டு மூடியிருக்கும். ஆகவே ஊருக்குள் வண்டியை ஓட்டும் முன் ஊர்மன்றத்துக்கு ஒரு போன் போடுங்கள். "சே புவேதே பெர்னோக்தார் கோன் ஆவுதோகரவானா?" வேனில் இரவு தங்கலாமா என்று அர்த்தம். அடுத்த கேள்வி கேசட் தொட்டி திறந்திருக்கிறதா. இந்த இரண்டாம் கேள்விக்கு ஆம் என்றால் மட்டும் போங்கள். கேசட்டை வயலில், ஓடையில், சாலையோரக் கழிப்பறையில் கொட்டுகிறவர்களால்தான் ஊர்கள் வேன்களை விரட்டுகின்றன. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன், ஏனென்றால் எங்களுக்கு முன்னால் போன யாரோ செய்ததற்கு இரண்டு ஊரில் நாங்கள் வசவு வாங்கினோம்.

தண்ணீர்: ஊர்ச் சதுக்கத்தில் கல்தொட்டியோடு ஊற்றுக்குழாய் இருக்கும். மேலே "நோ போதாப்லே" என்று எழுதியிருந்தால் குடிக்காதீர்கள். "சின் கரந்தியா சனிதாரியா" என்றால் சுத்திகரிக்காத தண்ணீர், ஊர்க்காரர்கள் குடிப்பார்கள், நீங்கள் கொதிக்கவைத்துக்கொள்ளுங்கள். எதுவும் எழுதாவிட்டால் பக்கத்தில் குடம் பிடிக்கும் பாட்டியைக் கேளுங்கள்.

கிராமத்தில் எப்படி நடந்துகொள்வது

வெளிநாட்டு நம்பர் பலகையோடு ஒரு வேன், உள்ளே மாநிற முகம் இரண்டு, நாட்டில் கொள்ளைநோய். பயப்படத்தான் செய்வார்கள், தப்பில்லை. அந்த மார்ச்சில் மத்ரீதிலிருந்து சொந்த ஊருக்கு ஓடிவந்தவர்களையே கிராமத்தார் கோபத்தோடு பார்த்தார்கள். அந்த ஊர்களில் நிறையப் பேர் வயதானவர்கள், மருத்துவமனையும் தொலைவில்.

நாங்கள் செய்தது: போன அன்றே ஊர்மன்ற வாசலில் நின்று, எத்தனை நாள் உள்ளே யாரையும் பார்க்காமல் இருந்தோம், எத்தனை நாள் இருக்கப்போகிறோம் என்று ஒரு தாளில் ஸ்பானிய மொழியில் எழுதிக் கொடுத்தோம். பெரிய பல்பொருள் அங்காடிக்குப் போய் ஒரு மாதச் சாமான் வாங்கி வருவதைவிட அந்த ஊரின் ரொட்டிக்கடையிலும் காய்கறிக் கடையிலும் தினமும் கொஞ்சம் வாங்கினோம், விலை சற்றுக் கூடுதல்தான். இதில் ஒரு முறை உண்டு, தெரியாவிட்டால் மரியாதைக்குறைவாகிவிடும். ஸ்பெயினில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஆட்கள் சிதறி நிற்பார்கள், அங்கொருவர் இங்கொருவர், நோய்க்காலத்தில் இன்னும் தள்ளி. போனதும் "கியென் எஸ் எல் உல்திமோ?" என்று கேட்க வேண்டும், கடைசி ஆள் யார் என்று. ஒருவர் கையைத் தூக்குவார். இப்போது நீங்கள் கடைசி, அடுத்து வருபவர் கேட்டால் நீங்கள் கையைத் தூக்க வேண்டும். அவ்வளவுதான், இனி சுவரில் சாய்ந்து வெயில் காயலாம். நான் முதல்நாள் இது தெரியாமல் நேரே வாசலில் போய் நின்றேன், பின்னால் ஒரு அம்மா தொண்டையைச் செருமிய சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

கடைகள் மதியம் 2 மணிக்கு மூடி மாலை 5க்குத்தான் திறக்கும், ஞாயிறு கிடையாது. வாரச்சந்தையை முதல் ஊரடங்கில் நிறுத்திவிட்டார்கள். ரொட்டி வண்டி ஹாரன் அடித்துக்கொண்டு தெருத்தெருவாக வரும், அதன் நேரத்தைக் குறித்துக்கொண்டால் வெளியே போகவே வேண்டாம். கார்டு எல்லா இடத்திலும் செல்லும் என்று நினைக்காதீர்கள், கையில் சில்லறை வேண்டும்.

இருவரும் ஒரு வேனில் 24 மணி நேரமும் இருப்பதைப் பற்றி யாரும் வழிகாட்டியில் எழுதமாட்டார்கள், நான் எழுதுகிறேன். எட்டு சதுர மீட்டர் இடம். முப்பத்தெட்டு வருடக் கல்யாணத்தில் நாங்கள் பேசாமல் இருந்த நாட்கள் குறைவு, அந்த ஏப்ரலில் இரண்டு நாள் பேசவில்லை, காரணம் வெங்காயம் நறுக்கும் பலகை எங்கே வைப்பது என்பது. அப்புறம் ஒரு ஏற்பாடு செய்தோம்: காலையில் கேசட், தண்ணீர் அவர் வேலை, அந்த ஒரு மணி நேரம் வேன் என்னுடையது. மாலையில் கடைக்கு நான் போவேன், வேன் அவருடையது. ஒரே வேலையை இருவரும் செய்யாதீர்கள். ஹெட்போன் இரண்டு வாங்குங்கள்.

பருவம் பார்த்துப் போவது

எஸ்திரெமதூராவில் ஜூலை, ஆகஸ்டில் 40 டிகிரி தாண்டும், தகர வேனில் வெந்துபோவீர்கள். செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரைதான் என் தேர்வு. லா வேராவில் அப்போது மிளகாய்ப் பருவம். சிவப்பு மிளகாயை மாடிக் களத்தில் கொட்டி, கீழே ஓக் விறகை எரித்துப் புகையிலேயே இரண்டு வாரம்போலக் காயவைப்பார்கள், தினமும் கையால் புரட்டிப்போட வேண்டும். ஊரே புகையும் மிளகாயுமாக மணக்கும். புதுச்சேரியில் பிறந்த எனக்கு, அடுப்பங்கரையில் மிளகாய் வறுத்து எல்லோரையும் தும்மவைத்த அம்மா ஞாபகம். ஆனால் இந்த நெடியில் தும்மல் வராது, ஏனென்றால் நிறைய மிளகாய் காரமே இல்லாத வகை. தகர டப்பாவில் விற்கிறார்கள், பிகாந்தே என்று கேட்டு வாங்கினால் கொஞ்சம் உறைக்கும்.

அக்டோபர் கடைசியில் வட ஐரோப்பாவிலிருந்து பார்க்கக் கொக்கு போன்ற கிரேன் பறவைகள் ஆயிரக்கணக்கில் வந்து இறங்கும். ஓக் மரத்து விதைகளையும், குவாதியானா ஆற்றுப் பக்கம் அறுத்துவிட்ட நெல்வயல் தாளில் சிதறிய மணிகளையும் தின்னும். ஆமாம், நெல்வயல், ஸ்பெயினின் உள்நாட்டில். மியாஹதாஸ் பக்கம் சாலையோரம் வேனை நிறுத்திச் சன்னலைத் திறந்தால் போதும். சுற்றிலும் மாநில எல்லைகள் மூடியிருந்த அந்த நவம்பரில் நாங்கள் இருந்த வட்டத்துக்குள்ளேயே இவ்வளவும் கிடைத்தது. ஒரு நாளைக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டவில்லை.

டிசம்பரில் இரவு உறைநிலைக்குப் பக்கத்தில் இறங்கும். கழிவுநீர்க் குழாயில் பனி பிடிக்கும், காலையில் கேசட்டின் மூடி திறக்காது. வெந்நீர் ஊற்றினால் சரியாகும்.

திரும்பும் வழி

பெரிய விடுமுறைக்கு முன் கிளம்புங்கள். கிறிஸ்துமஸ், ஈஸ்டர் சமயங்களில்தான் மாநில எல்லைகளை இறுக்குவார்கள். 2021 ஈஸ்டரில் ஸ்பெயின்காரர்கள் தம் மாநிலத்தைவிட்டு வெளியே போக முடியாமல் இருந்தார்கள், வெளிநாட்டுக்காரர்கள் விமானத்தில் வந்து இறங்கினார்கள், அதற்கு எழுந்த எரிச்சலை நாங்கள் வீட்டிலிருந்து செய்தியில் பார்த்தோம், நியாயமான எரிச்சல்தான்.

காஸ்தில்யா இ லெயோன் வழியாகத் திரும்பும்போது மாநிலம் மூடியிருந்தது, கடந்து போவதற்கு மட்டும் அனுமதி. ஆகவே பிளசென்சியாவில் காலை 6 மணிக்குக் கிளம்பினோம். அதற்கு முந்தின நாளே டீசல், தண்ணீர், காஸ் முழுக்க நிரப்பி, இரண்டு கேசட்டையும் காலி செய்து, வழியில் சாப்பிட இட்லி வேகவைத்து எடுத்துக்கொண்டோம், ஏனென்றால் சாலையோரக் கடைகள் திறந்திருக்குமா என்பது உறுதியில்லை. புர்கோஸுக்கு முன்னால் ஒரே ஒரு சோதனைச்சாவடி. குவார்தியா சிவில் என்ற ஸ்பெயின் போலீஸ்படையின் இளைஞர் ஒருவர் காகிதங்களை வாங்கிப் பார்த்தார், மின்சார ரசீதைப் பார்த்தார், வேனுக்குள் தலையை நீட்டி மூக்கை உறிஞ்சினார். மேசைமேல் மிளகாய் டப்பா பன்னிரண்டு. லா வேராவா என்றார், ஆமாம் என்றோம், தன் பாட்டி ஊர் என்று சொல்லிவிட்டுக் கையை அசைத்தார். இருன் தாண்டும்போது மணி மூன்று. இரண்டு கேசட்டும் காலி.